கல்லீரலுக்குப் போட்ட ஊசி

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. தைக்கக் கொடுத்த ரவிக்கையை வாங்க ஸ்டெல்லா வீட்டுக்குப் போயிருந்தேன். அம்பத்தூரில் எங்கள் தெருவுக்கே அவள்தான் டெய்லர். ஹூக் வைத்துக்கொண்டே பேசிக்கொண்டிருந்தாள். திடீரென்று துணியில் ரத்தம்.

“ஐயையோ... இன்னாக்கா, இது எங்கேர்ந்து வந்துச்சு?”

ஊசி அவள் விரலில்தான் ஏறியிருந்தது. அவளுக்கே தெரியவில்லை!

ஸ்டெல்லாவுக்கு ஏற்கெனவே ஒரு வைத்தியம் நடந்துகொண்டிருந்தது. ஹெபடைடிஸ் சி. எண்பதுகளில் பிரசவத்தின்போது ஏற்றிய ரத்தத்தில் அந்தக் கிருமி வந்திருக்கலாம் என்றார்கள். கல்லீரலைக் காப்பாற்ற இன்டர்ஃபெரான் ஊசி. போடும்போதெல்லாம் காய்ச்சல், உடம்பு வலி... தாங்கிக்கொண்டாள். சில மாதங்களில் கையில் சிவப்பாக ஒரு தடிப்பு. அலர்ஜி என்று விட்டுவிட்டாள்.

ஊசி ஏறியதுகூடத் தெரியாத அந்த விரலும் அதனால்தானோ என்று, மறுநாளே அவளையும் கணவர் தேவராஜையும் தோல் டாக்டரிடம் அழைத்துப் போனேன். டாக்டரம்மா தடிப்பைப் பஞ்சால் தொட்டார்.

“தெரியுதா?”

“எங்க தொட்டீங்க?”

தோலில் துளி எடுத்துச் சோதித்தார்கள். முடிவு — தொழுநோய்.

தேவராஜ் எழுந்து நின்றுவிட்டார். “இன்னா டாக்டர், ஒரு நோவுக்கு ஊசி போட்டா இன்னொரு நோவு வந்து நிக்குது?”

“ஊசியால வரலைங்க. இந்தக் கிருமி பல வருஷமா சத்தமில்லாம உள்ளேயே இருந்திருக்கு. ஊசி உடம்போட எதிர்ப்புச் சக்தியைத் தட்டி எழுப்பிடுச்சு. அது இதையும் கண்டுபிடிச்சுச் சண்டை போடுது. அந்தச் சண்டைதான் இந்தச் சிவப்பு.”

எனக்குப் புல்லரித்தது. இத்தனை வருஷம் அவளுக்கே தெரியாத ஒன்றை அவள் உடம்பு தேடிப் பிடித்திருக்கிறதே! நம் தோலுக்குள் நடப்பதில் நமக்கு என்னதான் தெரியும்?

ஊசியை நிறுத்துவதா? கல்லீரல் டாக்டரும் தோல் டாக்டரும் கலந்து பேசித் தொடரச் சொன்னார்கள். கூடவே தொழுநோய் மாத்திரை. நரம்பு கெடாமலிருக்க ஸ்டீராய்டு. ஸ்டெல்லா தைரியமாக விழுங்கினாள். தடிப்பு அடங்கியது. ஒரு விரல் நுனி மட்டும் இன்னும் மரத்தே இருக்கிறது. கடைசி ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் கிருமியும் இல்லை. டாக்டர் எதிரிலேயே தேவராஜ் தேம்பி அழுதார்.

இதற்கு நடுவில் விஷயம் தெருவுக்குத் தெரிந்துவிட்டது. சிலர் தைக்கக் கொடுத்த துணியைத் திரும்ப வாங்கிப் போனார்கள். ஒரு காலை, தண்ணீர் லாரி வந்து நின்றதும் ஸ்டெல்லா குடத்தோடு போனாள். வரிசையில் குசுகுசுப்பு.

அவளே சத்தமாகச் சொன்னாள்: “ஆமா, எனக்குத் தொழுநோய்தான். மாத்திரை துன்னுகினு கீறேன், இனிமே ஒட்டாதுன்னு டாக்டரே சொல்லிட்டாங்க. பயமா கீறவங்க ஊட்டுக்குப் போங்க, நான் மொதல்ல தண்ணி புட்ச்சுக்கிறேன்!”

ஒருவரும் நகரவில்லை — தண்ணீர் லாரியாச்சே!