செவ்வாய்க்கிழமைகளில் குரைக்காத நாய்

எங்கள் டாமி முதன்முதலாக அண்ணனைப் பார்த்துக் குரைத்த மத்தியானம் எனக்கு இன்னும் அப்படியே நினைவிருக்கிறது. தென்னூரில் நான் வேலை பார்க்கும் லேபில் கரண்ட் போய், ஜெனரேட்டரும் மக்கர் பண்ணியதால் எங்களைச் சீக்கிரமே அனுப்பிவிட்டார்கள். ஸ்ரீரங்கத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி எங்கள் சந்துக்குள் திரும்பும்போதே அதன் சத்தம் காதில் விழுந்தது. வழக்கமாக தபால்காரரைப் பார்த்துக் குரைக்கிற குரைப்பு இல்லை. பாம்பைக் கண்டால் ஒரு மாதிரி இழுத்து இழுத்துக் குரைக்குமே, அந்தக் குரைப்பு. அன்று செவ்வாய்க்கிழமை, ஜவுளிக்கடையில் அண்ணனுக்கு வார விடுமுறை. அவனுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு, அவசரமாகச் சாவியைப் போட்டுக் கதவைத் திறந்தேன். ஹாலில் இலைப்பச்சைச் சேலை கட்டிய ஒரு பெண் சுவரோடு சுவராக ஒட்டி நின்றிருந்தாள். தோளுக்குக் கீழே இறங்கிய கூந்தல். அவளுக்கு எதிரே டாமி, முதுகு மயிர் சிலிர்க்க, பல்லைக் காட்டிக்கொண்டு.

திருடி என்றுதான் நினைத்தேன். கத்துவதற்கு வாயைத் திறப்பதற்குள் அந்தப் பெண், "டேய், என்னடா இது, சும்மா இருடா" என்றாள். அண்ணனுடைய குரல். டாமி பாதிக் குரைப்பில் நிறுத்தியது. மெல்லக் கிட்டே போய்ப் பாதத்தை முகர்ந்து வாலை ஆட்டியது. நிமிர்ந்து அந்தக் கூந்தலைப் பார்த்ததும் மறுபடி பின்வாங்கி உறுமியது. கீழே முகர்ந்தால் தெரிந்தவன், மேலே பார்த்தால் யாரோ. நானும் ஏறக்குறைய அந்த நிலையில்தான் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். அதற்குப் பிறகுதான் அண்ணன் என்னைப் பார்த்தான். அம்மா போன அன்று டாக்டர் ஆஸ்பத்திரி வராந்தாவுக்கு வந்தபோது அவன் முகத்தில் பார்த்த பயத்தை அன்றுதான் இரண்டாவது முறையாகப் பார்த்தேன். உள்ளறைக்குப் போனான். லுங்கியும் பனியனுமாக வெளியே வந்து, "சாப்பிட்டியா?" என்றான். இல்லை என்றேன். "ரசம் இருக்கு, சுட வெச்சுத் தரேன்." அன்றைக்கு அவ்வளவுதான் பேச்சு.

அண்ணனைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். என்னைவிடப் பத்து வயது மூத்தவன். அப்பா, அம்மா இரண்டு பேரும் அடுத்தடுத்துப் போன பிறகு என்னைப் படிக்க வைத்து ஆளாக்கியவன். அவனும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, என்னையும் வற்புறுத்தவில்லை. மலைக்கோட்டைப் பக்கம் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் வேலை. எங்கள் ஊர்ப் பக்கத்துக் கடைகளில் சேலை விற்கிற ஆண்கள் அதைத் தங்கள் மேலேயே போட்டுக் காட்டுவார்கள். சட்டை பேண்ட்டுக்கு மேலே சுற்றி, கொசுவம் வைத்து, முந்தானையைத் தோளில் விரித்து, "பார்டர் எப்படி விழுது பாருங்கக்கா" என்பார்கள். அதில் அண்ணன் கில்லாடி. "அந்த அண்ணன் இருக்காரா?" என்று தேடி வருகிற கூட்டம் உண்டு. மண்ணச்சநல்லூரிலிருந்து கல்யாணச் சேலை எடுக்க வேன் பிடித்து வருகிறவர்கள் அவன் சாப்பிட்டு வரும் வரைக்கும் காத்திருப்பார்கள். நாள் முழுக்க ஊர் பார்க்கச் சேலையைச் சுற்றிக்கொண்டு நிற்கிறவனை யாரும் ஒரு சொல் சொன்னதில்லை. அதையே வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு கட்டினால் என்ன ஆகும் என்று எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.

கொஞ்ச நாள் கழித்து நானே கேட்டேன். "எப்பலேர்ந்துண்ணே?" அவன் டாமிக்குச் சோறு பிசைந்துகொண்டிருந்தான். "உனக்கு நெனவு தெரியறதுக்கு முன்னாடியே. விக் மட்டும்தான் புதுசு, அதான் டாமிக்கு ஆள் தெரியல. கட்டிக்கிட்டா மனசு அடங்குது. வேற ஒண்ணும் இல்ல. உனக்கு அசிங்கமா இருந்தா சொல்லிடு." அசிங்கமாக இல்லை. எனக்குப் பயமாக இருந்தது. பயம் எனக்குப் பிறவிக் குணம், கேஸை மூடினோமா என்று பாதி வழியில் திரும்பி வருகிறவள் நான். மாடியில் வீட்டுக்கார மாமி, பக்கத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு குடித்தனம், எதிரே ஜன்னல்கள். மாமிக்குத் தெரிந்தால் வீடு போகும். சந்துக்குத் தெரிந்தால் கடைக்குத் தெரியும். அதுவரை "அண்ணே, அண்ணே" என்று தேடி வந்தவர்கள் அவன் தோளில் கிடக்கிற சேலையை வேறு மாதிரிப் பார்ப்பார்கள். அவனுக்கு அந்தக் கடையை விட்டால் வேறு உலகம் கிடையாது. இதையெல்லாம் வெளியே சொல்லக்கூடிய ஒரே ஆள் எங்கள் வீட்டில் டாமிதான் என்பது போகப் போகத்தான் புரிந்தது.

செவ்வாய்க்கிழமை ஆனால் டாமி குரைக்கும். பின்பக்கம் கட்டிப் போட்டால் ஊளையிடும். "செவ்வாக்கெழமையானா உங்காத்து நாய்க்கு என்னடி ஆறது?" என்று மாமி மாடிப்படியில் நிறுத்திக் கேட்டாள். அண்ணன்தான் மெல்ல மெல்ல வழி கண்டுபிடித்தான். உள்ளே போய்ச் சேலையோடு திடீரென்று வெளியே வராமல், டாமியை அறைக்குள் உட்கார வைத்து, அதன் கண் முன்னாலேயே உடுத்த ஆரம்பித்தான். பாவாடை கட்டுவது, கொசுவம் வைப்பது, ஊக்கு குத்துவது எல்லாவற்றையும் அது பார்த்துக்கொண்டிருக்கும், குரைக்காது. விக்கை எடுத்துத் தலையில் வைத்தால் மட்டும் எழுந்து நின்றுகொள்ளும். பழகட்டும் என்று விக்கைத் தரையில் போட்டு வைத்தான். டாமி அதைக் கட்டிலுக்கு அடியில் இழுத்துக்கொண்டு போய் நிதானமாகக் கடித்துக் குதறிவிட்டது. நான் சிரித்த சிரிப்பில் புரை ஏறியது. அண்ணனும் சிரித்தான். அதிலிருந்து விக் கிடையாது, முந்தானையைத் தலைக்கு மேல் போட்டுக்கொள்வதோடு சரி. டாமிக்கும் வேறு புகார் இல்லை. சொல்லப்போனால் செவ்வாய்க்கிழமைதான் அதற்குப் பண்டிகை. சேலை கட்டிய அண்ணன் எங்கேயும் கிளம்பிப் போக மாட்டான், காலடியிலேயே கிடக்கலாம், கொசுவத்தின் மேல் மோவாயை வைத்துத் தூங்கலாம். டாமிக்கு அவ்வப்போது வலிப்பு வரும். மிரண்டால் வரும், மிரளவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மாட்டாஸ்பத்திரி டாக்டர் சொல்லியிருந்தார். அந்தச் செவ்வாய்க்கிழமைகளில் அதற்கு ஒரு தடவைகூட வந்ததில்லை.

இனி நிம்மதி என்று நான் நினைத்தது எவ்வளவு முட்டாள்தனம்! ஒரு நாள் மாமி என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் காபி கொடுத்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "உங்கண்ணாவைப் பாக்க ஒரு பொண்ணு வராளோடி?" என்றாள். டம்ளரைக் கீழே வைத்தேன். இல்லையே மாமி என்றேன். "எங்கிட்ட மறைக்காதே. ரெண்டு மூணு தரம் ஜன்னல் வழியா புடவை தெரிஞ்சுது. நீ ஆபீஸ் போயிருக்கற நாள்தான். வர்றவ புதுசுன்னா உங்க நாய் ஊரக் கூட்டிருக்காதோ? குரைக்கவே மாட்டேங்கறதே. ரொம்ப நாளா வந்து போறவளாத்தான் இருக்கணும்." குரைத்தபோது குரைப்புக்குப் பயந்தோம். இப்போது அது குரைக்காமல் இருந்தே எங்களைக் காட்டிக்கொடுத்துவிட்டது. மாமி தொடர்ந்து, "எந்த ஜாதியா இருந்தா என்னடி, காலம் மாறிடுத்து. நல்லவளா இருந்தா பண்ணி வெச்சுடு. கோயில்லயே சிம்பிளாப் பண்ணிடலாம், நான் கூட நிக்கறேன்" என்றாள். நல்ல மனசோடுதான் சொன்னாள். அண்ணனிடம் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அவனுக்கு வரவில்லை. எழுந்து போய் ஜன்னல் கொக்கியைச் சரிபார்த்தான். மறுநாளே அதற்குத் தடித் துணியில் திரை வந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை நான் ஜலதோஷத்தோடு வீட்டில் இருந்தேன். டாமியைக் குளிப்பாட்டிக் கழுத்துப் பட்டையைக் கழற்றிக் காயப் போட்டிருந்தோம். அண்ணன் உள்ளே சேலையோடு கறிகாய் நறுக்கிக்கொண்டிருந்தான். கூரியர்காரர் மணி அடிக்க, நான் கதவைத் திறந்து கையெழுத்துப் போடுவதற்குள் டாமி என் காலுக்கு இடையில் நுழைந்து வெளியே ஓடிவிட்டது. தெருவில் நாய்களின் அலறல். நாய் பிடிக்கும் வண்டி வந்திருந்தது. நான் செருப்புகூடப் போடாமல் ஓடினேன். டாமி நாலு வீடு தள்ளி நின்ற ஒரு காருக்கு அடியில் புகுந்துவிட்டது. காரின் இரண்டு பக்கமும் வலையோடு இரண்டு ஆட்கள்.

"அது வீட்டு நாய்ங்க, விட்டுடுங்க" என்றேன்.

"எல்லாரும் அப்படித்தாங்க சொல்றாங்க. பட்டை இல்லையே" என்றார் அவர்களில் வயதானவர். கோபக்காரர் இல்லை. "உங்க நாய்னா கூப்பிடுங்க. வந்தா தாராளமா எடுத்துட்டுப் போங்க."

குனிந்து உரக்கக் கூப்பிடப் பார்த்தேன். ஜலதோஷத்தில் கட்டிப்போன தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது. டாமி இன்னும் உள்ளே நகர்ந்தது. அதன் பின்னங்கால் வெட்டி வெட்டி இழுக்க ஆரம்பித்திருந்தது. வலிப்பு வருவதற்கு முன் அப்படித்தான் இழுக்கும். வலை மேலே விழுந்தால் அந்த இடத்திலேயே ஏதாவது ஆகிவிடும் என்று எனக்கு உறுதியாகத் தெரிந்தது. நிமிர்ந்து பார்த்தேன். வாசல்தோறும் ஆட்கள், மாடியில் மாமி. எல்லாரும் எனக்குப் பின்னால் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் வீட்டு வாசலில் அண்ணன் நின்றிருந்தான், இலைப்பச்சைச் சேலை, நெற்றி வரைக்கும் இழுத்துவிட்ட முந்தானை.

யாருக்கும் சந்தேகம் வரவில்லை. மாமியின் முகத்தில், கடைசியில் அந்தப் பெண்ணைப் பார்த்துவிட்ட திருப்திகூடத் தெரிந்தது. அண்ணன் தலையைக் குனிந்தபடி கார் வரைக்கும் வந்தான். விரலைச் சொடுக்கினான். நாய்களின் சத்தத்தில் அது எங்கே கேட்கப்போகிறது? தரையில் தட்டினான். காருக்கு அடியில் இருந்த டாமிக்கு அவனுடைய கால்கூடத் தெரிந்திருக்காது. வேண்டியது குரல் ஒன்றுதான். அண்ணன் என்னைப் பார்த்தான். வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு டாமியும் உயிர்தான், ஆனால் அந்த நிமிஷத்தில் அண்ணனுக்கு என்ன ஆகுமோ என்ற பயம்தான் பெரிதாக இருந்தது. ஒரு ஆள் வலையை உள்ளே தள்ளினார். டாமி வீறிட்டது.

"டாமி! எங்கிட்ட வாடா!"

கடையில் மேல்மாடியிலிருந்து கீழ்மாடிக்கு ஆள் கூப்பிடும் குரல் அவனுக்கு. சந்தின் இரண்டு முனைக்கும் கேட்டிருக்கும். யார் குரல் என்று அந்தச் சந்தில் தெரியாதவர்கள் இல்லை. டாமி வயிற்றால் தேய்த்துக்கொண்டு வெளியே வந்து நேராக அவன் மடியில் தலையை நுழைத்துக்கொண்டது. அவன் முந்தானையைத் தலையிலிருந்து எடுத்து அதைச் சுற்றித் தூக்கினான். வெட்டவெளிச்சத்தில், அன்று காலை ஷேவ் செய்த முகம். "கூட்டிட்டுப் போங்கம்…" என்று ஆரம்பித்த அந்த வயதானவர் பாதியில் நிறுத்தி, "கூட்டிட்டுப் போங்க" என்று மெதுவாக முடித்தார். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை என்று தோன்றியது. மாடியில் மாமியின் கதவு சாத்துகிற சத்தம் மட்டும் கேட்டது.

சாயங்காலம் மாமி கீழே வந்தாள். உள்ளே வரவில்லை. பேத்தி பிரசவத்துக்கு வரப்போவதாகவும், கீழ்ப் போர்ஷன் வேண்டியிருப்பதாகவும், அடுத்த மாதம் காலி செய்துகொடுத்தால் சௌகரியமாக இருக்கும் என்றும் சொன்னாள். வேறு ஒரு வார்த்தை இல்லை. போகும்போது திரும்பி, "நாய் நன்னாருக்கோன்னோ?" என்று கேட்டாள். நன்றாக இருக்கிறது மாமி என்றேன். உண்மையிலேயே அதற்கு அன்று வலிப்பு வரவில்லை.

கடைக்கு யாரும் போய்ச் சொல்லவில்லை என்றுதான் நினைக்கிறேன். ஆனால் யாராவது சொல்லியிருப்பார்களோ என்ற எண்ணத்தை அண்ணனால் தாங்க முடியவில்லை. கஸ்டமர் முன்னால் சேலையைத் தோளில் போடக் கையே எழவில்லை என்றான். ஒரு மாதத்தில் முதலாளியிடம் கேட்டு வேட்டி சட்டைப் பிரிவுக்கு மாறிக்கொண்டான். முதுகு வலி என்று காரணம் சொன்னானாம். தன்னுடைய சேலைகளை எல்லாம் ஒரு கட்டைப்பையில் அடுக்கி, ஒரு முதியோர் இல்லத்தில் கொடுத்துவிட்டு வந்தான். நான் தடுத்துப் பார்த்தேன். "போதும்மா. ஒவ்வொரு தடவையும் உன் மூஞ்சியப் பாக்கறேன்ல" என்றான்.

இப்போது தென்னூரில் ஒரு அப்பார்ட்மெண்டில் மூன்றாவது மாடியில் இருக்கிறோம். மேலே வீட்டுக்காரர் இல்லை, எதிரே ஜன்னல் இல்லை. பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று எங்களுக்கே தெரியாது. இப்படி ஒரு வீடு கிடைக்காதா என்று அந்த நாட்களில் எவ்வளவு ஏங்கியிருப்பேன்! போன தீபாவளிக்கு அவனுக்கு ஒரு சேலை எடுத்தேன், அவனுக்குப் பிடித்த மாதிரி சின்ன பார்டர் வைத்து. அதைப் பிரித்துத் தடவிப் பார்த்து, "நல்லா எடுத்திருக்க, உனக்கு எடுப்பா இருக்கும்" என்று சொல்லி என்னிடமே கொடுத்துவிட்டான். யாராவது பார்த்துவிடுவார்களோ என்று கொக்கி கொக்கியாகச் சரிபார்த்த அந்தச் செவ்வாய்க்கிழமைகள் திரும்பி வந்தால்கூடப் பரவாயில்லை என்று எனக்கு இருக்கிறது. அவன் இப்படியே இருந்துவிடுவானோ என்பதுதான் இப்போது என் பயம்.

டாமிக்குக் கிழடு தட்டிவிட்டது, கண்ணும் மங்கல். ஆனாலும் அண்ணன் வீட்டில் இருக்கிற நாளில் காலையிலேயே எழுந்து உள்ளறை வாசலில் போய் உட்கார்ந்துகொள்ளும். உள்ளே எட்டிப் பார்க்கும். வந்து லுங்கி கட்டியிருக்கும் அண்ணனை முகரும், திரும்பி அங்கேயே போகும். நேற்று செவ்வாய்க்கிழமை. அண்ணன் பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். டாமி மூன்றாவது தடவையாக வந்து முகர்ந்துவிட்டுத் திரும்பியபோது பேப்பரை மடித்து வைத்து அதன் தலையைத் தடவினான். "அவ வரமாட்டாடா. பயந்துட்டா" என்றான். நான் பக்கத்தில் இருக்கிறேன் என்பதை மறந்துதான் சொல்லியிருக்க வேண்டும். டாமி அவன் குரலுக்கு வாலை ஆட்டிவிட்டு, மறுபடியும் அறை வாசலுக்குப் போய், உள்ளே பார்த்தபடி படுத்துக்கொண்டது.