பெயர் சொல்லத் தேவையில்லை

வெள்ளவத்தை அடுக்குமாடிகளில் கதவுக்கு ஒரு சின்னக் கண்ணாடித் துளை இருக்கும். மணியை அழுத்தினால் உள்ளே செருப்புச் சத்தம் வரும். துளையில் தெரிந்த வெளிச்சம் மறையும். யாரோ நம்மைப் பார்க்கிறார். பிறகு வெளிச்சம் திரும்ப வரும், கதவு மட்டும் திறக்காது. பருத்தித்துறையில் படலையைத் தள்ளிக்கொண்டு முற்றம்வரை போய் "வீட்டுக்காரர்!" என்று கூப்பிட்டு வளர்ந்த எனக்கு, கொழும்புக்கு வந்து மூன்று வருடமாகியும் இது பழகவில்லை.

பல்கலைக்கழகத்தில் சுகாதாரத் தொடர்பாடல் படிக்கிறேன். "டொக்டர் படிப்போ?" என்று ஊரில் கேட்பவர்களிடம் அம்மா, "ஓம், அது மாதிரித்தான்" என்று சமாளிக்கிறார். மருத்துவம் சொல்வதைச் சனங்களுக்கு விளங்கும்படி சொல்கிற படிப்பு இது. முடித்தால் ஆஸ்பத்திரியிலோ தொண்டு நிறுவனத்திலோ வேலை கிடைக்கலாம். அதற்குக் களப்பயிற்சியில் தேற வேண்டும். போன வருடம் எனக்குக் கிடைத்த தலைப்பு டெங்கு. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வீடு வீடாகப் போய்ப் படிவம் நிரப்பி, ஆலோசனை சொல்ல வேண்டும். முதல் கிழமையில் நிரம்பியவை இரண்டே இரண்டு.

எங்கள் மேற்பார்வையாளர் சிங்களவர், நல்ல மனிதர். "தெமளென் தியெனவனே, நங்கி?" என்றார். படிவம் தமிழில்தானே இருக்கிறது தங்கச்சி, பிறகென்ன என்பது அவர் கேள்வி. அடுத்த நாளும் ஃபைலைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன்.

கொட்டாஞ்சேனையில் ஒரு பெண், சங்கிலி போட்ட கதவின் இடுக்கால் என் கையிலிருந்த ஃபைலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"உங்கட பேர், வீட்டில எத்தனை பேர், சொந்த ஊர் எது?" படிவத்தில் இருந்த வரிசைப்படி கேட்டேன்.

"பதிவோ? பொலிசில எல்லாம் குடுத்திட்டம் பிள்ளை."

கதவைச் சாத்திவிட்டார். உள்ளே ஒரு குழந்தை அனுங்கும் சத்தம் கேட்டது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வடக்கிலிருந்து கொழும்புக்கு வரும் தமிழர் பொலிசில் பதிய வேண்டியிருந்த போர்க்காலத்தில், ஆறு வயதில், என் கண் வைத்தியத்துக்காக அம்மா என்னைக் கூட்டிவந்து வெள்ளவத்தை லொட்ஜ் ஒன்றில் தங்கினார். ஒருநாள் காலை ஃபைலோடு வந்த பொலிஸ்காரர்களும் இதே மூன்று கேள்விகளைத்தான் கேட்டார்கள். பக்கத்து அறை அண்ணா அவர்களோடு போனார். நாங்கள் ஊர் திரும்பும்வரை அவர் வரவில்லை. "ஆர் தட்டினாலும் மூச்சு விடக் கூடாது" என்று அம்மா சொல்லிவைத்தார். அதே கேள்விகளை நானே தூக்கிக்கொண்டு திரிந்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

ஃபைலைப் பைக்குள் வைத்துவிட்டு மறுபடி தட்டினேன்.

"அக்கா, பேர் சொல்லத் தேவையில்லை. உள்ளுக்கு ஆருக்கும் காய்ச்சலோ?"

உள்ளே செருப்புச் சத்தம் கதவை நோக்கி வந்தது. பிறகு, "மகனுக்கு. மூண்டு நாளாய் விடேல்லை."

"இண்டைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கோ. ரத்தம் சோதிக்க வேணும்."

சங்கிலி கழன்றது. டெங்குதான், நேரத்துக்குப் போனதால் பிள்ளை தப்பினான். அதன் பிறகு, மறுபடி தட்டிச் சொன்ன அந்த இரண்டு வசனங்களையும் படிவத்தின் தலையில் போடவைத்தேன். மேற்பார்வையாளர் ஏனென்று விளங்காமலே தலையாட்டினார். படிவங்கள் நிரம்பின, நானும் தேறினேன்.

போன மாதம் எனக்குக் காய்ச்சல். போனில் அம்மாவிடம் "சும்மா தடிமன், சளிதான்" என்று சொல்லிவிட்டு, வெள்ளவத்தையில் நான் வாடகைக்கு இருக்கும் அறைக்குள் சுருண்டு கிடந்தேன். இரண்டாம் நாள் முற்பகல், யாரோ கதவைத் தட்டினார்கள். எழுந்து ஃபேனை நிறுத்தினேன். மூச்சை அடக்கிக்கொண்டு துளையால் பார்த்தேன். இந்த வருடப் பயிற்சிக்கு வந்தவள் போல ஒரு பிள்ளை, வெறுங்கையோடு நின்றாள்.

"பேர் சொல்லத் தேவையில்லை. உள்ளுக்கு ஆருக்கும் காய்ச்சலோ?"

மூன்று வருடத்தில் இந்தக் கதவைத் தட்டி என்னை விசாரித்த முதல் ஆள் அவள். கை தாழ்ப்பாளில் இருந்தது. அழுகை வந்தது.

"ஓம், எனக்குத்தான்" என்றேன், கதவைத் திறக்காமல்.