இலையின் அடிப்பக்கம்

இலையைத் திருப்பிப் பார்க்காத மடையன் நான். இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும்.

கருங்குழி பக்கம் முப்பது சென்ட் குத்தகைக்குப் பிடித்து வெண்டை போட்டோம். என் வீட்டிலும் என் மனைவி வீட்டிலும் அதுவரை எல்லோரும் அடுத்தவர் நிலத்தில் பாடுபட்டவர்கள்தான். எனக்குப் பொத்தேரியில் ஒரு ஹாஸ்டல் ஆபீசில் வேலை. இந்த வெண்டை நின்று காய்த்தால் அவள் இனிமேல் கூலிக்குப் போக வேண்டாம் என்று பேசி வைத்திருந்தோம். அவள் வாயைத் திறந்து என்னிடம் கேட்டது அது ஒன்றைத்தான்.

நான் ரயிலில் உட்கார்ந்தபடியே விவசாயம் பார்த்தவன். காலையில் அவள் செல்போனில் இலையைப் படம் எடுத்து அனுப்புவாள். நான் அதை உரக்கடைக்காரருக்குத் தள்ளிவிடுவேன். அவர் சொல்வதை அவளுக்கு உத்தரவு போடுவேன். பெரிய விஞ்ஞானி!

ஒருநாள் படத்தில் இலையின் ஓரமெல்லாம் மஞ்சளாக இருந்தது. சத்துக் குறைவு, யூரியா போடுங்கள் என்றார் கடைக்காரர். வீட்டுக்கு வந்து அதைச் சொன்னபோது அவள் தலையாட்டவில்லை.

"இலையத் திருப்பினா அடியில பச்சையா, நொய்யரிசியாட்டம் பூச்சி கீது. கை வெச்சா குறுக்கால ஓடுது. நான் கூலிக்குப் போன தோட்டத்துலயும் இப்டிதான் ஆச்சு. யூரியா வேணாம்யா."

"காய் பறிக்கப் போனவளுக்கு இன்னா தெரியும்? படிச்சவன் நானா, நீயா?" என்றேன்.

மறுநாள் யூரியாவைத் தன் கையாலேயே போட்டாள்.

செடி தளதளவென்று துளிர்த்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. பத்து நாள் போவதற்குள் துளிரெல்லாம் கிண்ணம் போல மேல்நோக்கி மடங்கி, ஓரம் சிவந்து தீய்ந்துபோனது. ஞாயிற்றுக்கிழமை வயலில் இறங்கி, முதல் முறையாக ஒரு இலையைத் திருப்பினேன். அவள் சொன்ன பூச்சி, அவள் சொன்னபடியே குறுக்கே ஓடியது. தத்துப்பூச்சி. இலைச்சாற்றை உறிஞ்சுவது. யூரியா தின்று கொழுத்த இளந்தளிர் என்றால் அதற்குக் கல்யாணச் சாப்பாடு. பந்தி போட்டவன் நான்.

பிறகு வேப்பெண்ணெயைக் கரைத்து, இலையின் அடியில் படும்படி அடித்தோம். மஞ்சள் ஒட்டுப்பொறி கட்டினோம். அவள் சொன்ன அன்றே செய்திருந்தால் பாதிச் செடியாவது பிழைத்திருக்கும். பூத்தது காயாகவில்லை. எல்லாவற்றையும் பிடுங்கி வரப்பில் போட்டோம்.

அடுத்த வாரமே அவள் மதுராந்தகம் பக்கம் ஒரு வெண்டைத் தோட்டத்துக்குக் கூலிக்குக் கிளம்பினாள். ஏதாவது திட்டிவிட்டாவது போ என்று கெஞ்சினேன். அவள் திட்டவில்லை. ஒரு மாதம் கழித்து, காலையில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்:

"அங்க மருந்து அடிக்கறதுக்கு முன்னாடி என்னத்தான் கூப்பிடுறாங்க. இலையத் திருப்பிப் பாத்து நீயே சொல்லுன்றாங்க."

சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.