பழனியம்மா வீட்டுச் சுவரில் இருந்த கொடி

சரோஜா, நீ காலேஜுல செடி கொடி படிப்பு படிச்சவ, நான் சொல்றதைக் கேட்டா மனசுக்குள்ள சிரிப்ப. சிரிச்சுக்கோ. உன் இடத்துல இருந்தா நானும் சிரிச்சிருப்பேன். புளியமரத்துல பேய் இருக்குன்னு யாராவது சொன்னா, அந்தப் பட்டையை என்ன பூச்சி அரிக்குதுன்னு கிட்டப் போய்ப் பார்க்கிற ஜன்மம் நான். காத்து, கருப்பு, பில்லி சூனியம் எதையும் நம்பினது கிடையாது, ஒரு தாயத்து கூட கட்டிக்கிட்டது இல்ல. ஆனா இது நடந்தது. ராத்திரியில இல்ல, உச்சி வெயில்ல, பத்துப் பேர் நடமாடற இடத்துல நடந்தது. நடந்ததை விட அதுக்கப்புறம் எனக்கு வந்த வெட்கம் இருக்கே, அதுதான் இத்தனை வருஷம் என் வாயைக் கட்டிப் போட்டுச்சு.

அப்போ மகாராஜா ஆட்சி. யுத்தம் வேற நடந்துக்கிட்டிருந்தது, அரிசி கிடைக்கிறதே பெரும்பாடு. உன் பெரியப்பா மைசூர்ல ஒரு ஆபீஸ்ல குமாஸ்தா, மண்டி மொஹல்லாவுல ஒரு சந்துக்குள்ள எங்க வீடு. அவருக்கு சீட்டாட்டம் கிடையாது, வெத்தலைப் பாக்கு கிடையாது, ஒரே ஒரு பைத்தியம், செடி. பழைய சாமான் கடையில பிடி உடைஞ்ச பூதக்கண்ணாடி ஒண்ணு வாங்கி வெச்சிருந்தார். லீவு நாள்னா சாமுண்டி மலை அடிவாரம், ஏரிக்கரைன்னு கிளம்பிடுவோம். அவர் செடியைக் கண்டுபிடிச்சு, அதுக்குத் தமிழ்ல என்ன பேரு, கன்னடத்துல என்ன பேரு, இங்கிலீஷ் புஸ்தகத்துல என்ன பேருன்னு தேடுவார். நான் வரைவேன். கொண்டுவந்த செடியைப் பழைய பேப்பர்ல மடிச்சு அம்மிக்கல்லுக்கு அடியில வெச்சு அமுக்குவோம். அதனால எங்க வீட்டுல பாதி நாள் சட்னியே கிடையாது.

என் படத்துல ரெண்டு வழக்கம் உண்டு, யாரும் சொல்லிக் குடுத்தது இல்ல. ஒரு இலையை மட்டும் மடிச்ச மாதிரி போட்டு அதோட அடிப்பக்கத்தைக் காட்டுவேன். அப்புறம் பூ எவ்வளவு பெரிசுன்னு பார்க்கிறவங்களுக்குத் தெரியணுமே, அதுக்காகத் தண்டுல ஒரு எறும்பு வரைவேன். "உன் கையெழுத்தே எறும்புதான்"னு அவர் கேலி பண்ணுவார்.

எங்களுக்குக் குழந்தை இல்ல, அது உனக்குத் தெரியும். கல்யாணமாகி வருஷம் ஓடிப்போச்சு. குழாயடியில நிக்கிற பொம்பளைங்க, "ஏனம்மா, ஏனாத்ரூ விசேஷானா?"ன்னு, ஏதாவது விசேஷம் உண்டான்னு, கன்னடத்துல கேட்டுக்கிட்டே இருப்பாங்க, நான் குடத்தைப் பார்த்துக்கிட்டே நிப்பேன். அந்த வருஷம் ஆடிக்கு அம்மா வீட்டுக்கு வந்தவ மஞ்சள் காமாலையில விழுந்தேன், தை பொறந்துதான் மைசூருக்குத் திரும்பினேன். உன் அம்மாதான் எனக்குக் கஞ்சி வெச்சுக் குடுத்தா, கீழாநெல்லி அரைச்சுக் குடுத்தா, வேணும்னா கேட்டுப் பாரு. பாயை விட்டு எழுந்திருக்கக்கூட தெம்பு இல்லாம கிடந்தேன். அத்தனை மாசமும் உன் பெரியப்பா மைசூர்ல தனியா இருந்தார். இதை ஞாபகம் வெச்சுக்கோ, இதனாலதான் எல்லாமே.

நான் திரும்பி வந்த அந்தக் கோடையில, ரெண்டு மழை பெஞ்சதும், மலைப்பக்கம் போகலாம்னு அவர் கிளம்பினார். ரயில்ல நஞ்சன்கூடு தாண்டி சாமராஜநகர் போய், சத்திரத்துல படுத்து, விடியக்காலையில ஒரு மாட்டுவண்டி பேசிக்கிட்டு மலையடிவாரத்துக்குப் போனோம். அந்தப் பக்கம் நாங்க ரெண்டு பேருமே அதுக்கு முன்னால போனது கிடையாது. வெட்பாலை மரமெல்லாம் வெள்ளை வெள்ளையா பூத்திருந்தது. ஒரு பாறை இடுக்குல அவர் "இங்க வா, இங்க வா"ன்னு கத்தறார். போய்ப் பார்த்தா ஒரு மெல்லிசான கொடி, அதுல சின்னக் கூஜா மாதிரி ஒரு பூ, கழுத்து ஒடுங்கி, மேல குடை பிடிச்ச மாதிரி, பச்சையும் ஊதாவுமா. அப்படி ஒரு பூவை நாங்க பார்த்ததே இல்ல. புஸ்தகத்துலயும் இல்ல. காய் இருந்தா பேர் கண்டுபிடிச்சிடலாம்னு காயைத் தேடினார், காய் பிடிக்கலை. நான் உக்காந்து வரைஞ்சேன். மடிச்ச இலை, எறும்பு, எல்லாம்.

வெயில் ஏறிடுச்சு. தண்ணி தீர்ந்துபோச்சு. கொஞ்ச தூரத்துல நாலஞ்சு வீடு தெரிஞ்சது, வண்டிக்காரர் "அது தமிழ்க்காரங்க ஊரு, கொள்ளேகாலம் பக்கத்துலேர்ந்து வந்து காடு திருத்தினவங்க"ன்னு சொன்னார். போனோம். முதல் வீட்டு வாசல்ல ஒரு பொம்பளை ராகி புடைச்சுக்கிட்டிருந்தா. என்னைப் பார்த்ததும் முறத்தை அப்படியே கீழ போட்டுட்டு எழுந்தா.

"ஏனுங்க அக்கா, இப்பத்தான் வழி தெரிஞ்சுதுங்களா?"ன்னா.

நான் பின்னால யாராவது வராங்களான்னு திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்ல.

"உங்களைத்தானுங்க. பழனியம்மாவை மறந்து போட்டீங்களா? உள்ள வாங்க, வெயில்ல நிக்காதீங்க"ன்னு என் கையைப் பிடிச்சா. அப்புறம் உன் பெரியப்பாவைப் பார்த்து, "சாமி, நீங்க யாருங்க?"ன்னா. அவரைத் தெரியலை, என்னைத் தெரியுது.

அவருக்குச் சிரிப்பு. "அம்மா, நீங்க வேற யாரையோ நினைச்சுக்கிட்டீங்க, இவ இந்தப் பக்கமே வந்தது இல்ல"ன்னார். பழனியம்மா என்கிட்ட இன்னும் நெருங்கி வந்தா. என் முகத்தையே பார்க்கிறா. கோபம் கூட இல்ல, அந்தப் பார்வையில இருந்தது வருத்தம். "அடைமழையில நெறமாசமா வந்து நின்னீங்க. ஏன் எதுக்குன்னு ஒரு வார்த்தை கேட்டமா? என்ற ஊட்டுக்காரரு கட்டிலைக் குடுத்துப் போட்டு மாட்டுக்கொட்டாய்ல படுத்தாருங்க. பெத்துப் போட்டு, பூவு பாத்துட்டு வர்றேன்னு போனவங்கதான நீங்க?"

அக்கம்பக்கத்துலேர்ந்து ஆம்பளைங்க, பொம்பளைங்க வந்து நின்னாங்க. ஒருத்தருக்குக் கூட சந்தேகம் இல்ல. ஒரு கிழவர் என்னைப் பார்த்துத் தலையைத் தலையை ஆட்டிட்டு வேற பக்கம் திரும்பிக்கிட்டார். நான் ஒரு தப்பும் பண்ணலை சரோஜா. ஆனா அந்தக் கிழவர் முகத்தைத் திருப்பினார் பாரு, எனக்குக் காது மடலெல்லாம் சுட்டுது. பண்ணாத தப்புக்கு இப்படி வெட்கம் வருமான்னா, வரும். பத்துப் பேர் ஒரே மாதிரி பார்த்தா வரும்.

"இவ நவம்பர் டிசம்பர்ல அம்மா வீட்டுல காமாலையா கிடந்தா"ன்னு அவர் சத்தமா சொன்னார். சொல்லும்போது முதல் தடவையா என்னைத் திரும்பிப் பார்த்தார். நல்லா கேளு, அவர் என்னைச் சந்தேகப்பட்டுப் பார்க்கலை. சரிதானேன்னு கேக்கிற மாதிரி பார்த்தார். அதுவே எனக்குப் போதும்.

"அப்ப இதை யாருங்க எழுதுனது?"ன்னு பழனியம்மா எங்களை உள்ள கூட்டிக்கிட்டுப் போனா. இருட்டான அறை, சாணி மெழுகின மண் சுவரு. கட்டிலுக்கு மேல, படுத்தவங்க கை எட்டற உயரத்துல, கரியால ஒரு கொடி வரைஞ்சிருக்கு. கூஜா மாதிரி பூ. கழுத்து ஒடுங்கி, மேல குடை. நாங்க காலையிலதான் முதல் முதலா பார்த்தோமே, அதே பூ. ஒரு இலை மடிஞ்சு அடிப்பக்கம் தெரியுது. தண்டுல ஒரு எறும்பு.

நம்பினா நம்பு, நம்பாட்டி போ. என் கைப் படம் எனக்குத் தெரியாதா? எறும்போட மீசையை நான் ஒரு பக்கம் நீட்டமா இழுத்துடுவேன், அதுவும் அப்படியே இருந்தது. இன்னொண்ணும் இருந்தது. காய். ரெண்டு கொம்பு மாதிரி, எதிரும் புதிருமா. நாங்க தேடித் தேடியும் கிடைக்காத காய். உன் பெரியப்பா பூதக்கண்ணாடியை எடுத்துக்கிட்டுச் சுவர்கிட்ட போனார், ரொம்ப நேரம் பார்த்தார்.

அப்பத்தான் தூளி அசைஞ்சது. அறை மூலையில ஒரு பழைய சேலைத் தூளி, நான் அதுவரைக்கும் கவனிக்கவே இல்ல. குழந்தை அழுதது. சின்ன அழுகைதான், பசிக்கு அழறது. பழனியம்மா எடுத்துக்கிட்டு வந்தா, ஒரு பொண்ணு, ஆறு மாசம் இருக்கும், எண்ணெய் தேய்ச்சுப் பளபளன்னு வெச்சிருந்தா. "ஆட்டுப்பாலு ஊத்தித்தானுங்க வளத்தறம், வாங்குங்க"ன்னு என் கையில குடுத்தா. வேண்டாம்னு சொல்றதுக்குள்ள கையில இருந்தது. அது அழுகையை நிறுத்திட்டு என் மூஞ்சியைப் பார்த்தது.

நீயும் பெத்தவ, உனக்கு நான் விளக்க வேண்டாம். என் ரவிக்கை நனைஞ்சது.

முதல்ல வேர்வைன்னு நினைச்சேன். வேர்வை இல்ல. நெஞ்சு கட்டிக்கிட்டு, வலிச்சு, ரெண்டு பக்கமும் நனைஞ்சு, வெளியில வட்டமா தெரியுது. வயித்துல ஒரு பிள்ளை தங்காத எனக்கு. முந்தானையை இழுத்து மூடினேன், ஆனா குழந்தையை வெச்சுக்கிட்டு எப்படி மூடறது? நிமிர்ந்து பார்த்தா அவர் பார்த்துக்கிட்டிருக்கார். பழனியம்மாவும் பார்த்தா. அவ ஒண்ணும் ஜெயிச்ச மாதிரி பார்க்கலை, "ஆம்பளைங்க வெளிய இருங்க, அக்கா பசியாத்தட்டும்"னு மெதுவா சொன்னா. அந்தக் கரிசனம்தான் என்னால தாங்க முடியலை. திட்டியிருந்தா கூட நின்னிருப்பேன்.

குழந்தையை அவ கையில திணிச்சேன். அது என் தாலிக்கொடியைப் பிடிச்சிருந்தது. ஒவ்வொரு விரலா பிரிச்சேன். அவ்வளவு சின்ன விரல், அவ்வளவு பலம். பிரிச்சுட்டு, வாசல்ல நின்னவங்களைத் தள்ளிக்கிட்டு, செருப்புகூட போடாம வண்டிக்கு ஓடினேன். பின்னால அது வீரிட்டு அழறது ரொம்ப தூரம் கேட்டது. பசிச்ச குழந்தைக்குப் பால் இருந்தும் குடுக்காம வந்தவ நான். அது யார் குழந்தையா இருந்தா என்ன? அதைத்தான் என்னால இன்னிக்கும் யார் மூஞ்சியையும் பார்த்துச் சொல்ல முடியலை.

ரயில்ல அவர் ஜன்னல் பக்கம் உக்காந்திருந்தார். "வேர்வை"ன்னு சொன்னேன், அவர் கேக்காமலே. "ம்"னார். வீட்டுக்கு வந்து ரெண்டு நாள் துணியை இறுக்கிக் கட்டிக்கிட்டேன், மல்லிப்பூ வெச்சுக் கட்டினேன், பால் வத்திப் போச்சு. அவர் ஒரு வார்த்தை கேக்கலை. எங்க அம்மா வீட்டுக்கு எழுதி விசாரிக்கவும் இல்ல. கேட்டிருந்தா அழுதிருப்பேன், சத்தியம் பண்ணியிருப்பேன், மனசு ஆறியிருக்கும். கேக்காத மனுஷன்கிட்ட என்னன்னு சொல்றது? செடி பார்க்கப் போறதும் நின்னுபோச்சு. அம்மிக்கல் சும்மா கிடந்தது, தினமும் சட்னி அரைச்சேன்.

ஆடி மாசம் ஒரு நாள், "அந்தக் கொடியில காய் விட்டிருக்கும், போய்ப் பார்த்துட்டு வரேன்"னார். என்னைக் கூப்பிடலை. நானும் வரேன்னு சொல்லலை.

மறுநாள் விளக்கு வைக்கிற நேரத்துக்குத் திரும்பி வந்தார். நான் சமையல்கட்டுல இருந்தேன். நனைஞ்சு போயிருந்தார், குடையை ஓரமா வெச்சார், பையிலேர்ந்து காயை எடுத்து என் முன்னால பலகை மேல வெச்சார். ரெண்டு கொம்பு மாதிரி, எதிரும் புதிருமா.

"பழனியம்மாவைப் பார்த்தேன்"னார். "குழந்தையை நாம கூட்டிக்கிட்டு வந்துடலாம்னு நினைச்சுத்தான் போனேன். யார் பெத்ததா இருந்தாலும் பரவாயில்லன்னு நினைச்சேன்."

அத்தனை மாசமும் அவர் என்னைத் தப்பா நினைச்சுக்கிட்டிருக்கார்னு நான் நினைச்சுக்கிட்டிருந்தேன் பாரு. எனக்குத் தலையைத் தூக்க முடியலை.

"அங்க குழந்தை இல்ல"ன்னார். "முந்தா நாள் மத்தியானம் அதோட அம்மாவே வந்து தூக்கிக்கிட்டுப் போயிட்டாளாம். பழனியம்மாவுக்குச் சந்தோஷம், இப்பவாவது பெத்த மனசு இளகிச்சேன்னு என்கிட்டயே சொல்றா."

முந்தா நாள் மத்தியானம் நான் வீட்டுல இருந்தேன். குழாயடியில சண்டை, பத்துப் பேர் என்னைப் பார்த்திருக்காங்க, அவருக்கும் அது தெரியும். இருந்தாலும் அவர் என் பக்கத்துல குத்துக்காலிட்டு உக்காந்து, ரொம்ப மெதுவா, கோபமே இல்லாம, "குழந்தை எங்க?"ன்னு கேட்டார்.

என்ன கேக்கிறீங்க, எனக்கு என்ன தெரியும்னுதான் சொல்ல வாயைத் திறந்தேன். சத்தியமா அதைச் சொல்லத்தான் திறந்தேன். ஆனா வந்த வார்த்தை அது இல்ல சரோஜா.

"சத்தம் போடாதீங்க, இப்பத்தான் தூங்கினா"ன்னு சொன்னேன்.