மோரில் கரைத்த பெருங்காயம்

என் வீட்டில் ஊசியும் பித்தானும் போட்டு வைக்கும் மஞ்சள் டப்பா ஒன்று இருக்கிறது. பழைய பெருங்காய டப்பா. எத்தனை தடவை சோப்புப் போட்டுக் கழுவினாலும் வாசனை போகவில்லை. "இதத் தூக்கிப் போட்டா என்ன, வூடே மணக்குது" என்று என் வீட்டுக்காரர் அவ்வப்போது சொல்வார். நான் காதில் வாங்குவதில்லை. அந்த டப்பாவை வாங்கியது நான்தான், ஆனால் சமைக்க வாங்கவில்லை.

2005 வாக்கில் பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, மாடியில் இருந்த பிரவுசிங் சென்டரில் வேலை பார்த்தேன். வெள்ளிக்கிழமை மதியம் லப்பைக்குடிக்காட்டிலிருந்து ஒருவர் பஸ் ஏறி வருவார். அவர் வீட்டில் அக்காவை லாத்தா என்பார்கள்; நானும் அப்படியே கூப்பிட்டேன். துபாயில் இருந்த அவர் கணவருக்கு அன்றுதான் லீவு. ஹெட்போனை மாட்டிக்கொண்டு பேசுவார், பேச்சு முழுக்க மகளைப் பற்றித்தான். எட்டு வயது, பார்த்தால் ஐந்து சொல்லலாம். கை கால் குச்சி, வயிறு மட்டும் உப்பியிருக்கும். குடும்பம் துபாயில் இருந்தபோது அங்கே ஒரு டாக்டர் சீலியாக் நோய் என்று கண்டுபிடித்து, கோதுமை துளி உள்ளே போனாலும் குடல் பழுதாகும், ஆயுசுக்கும் கூடாது என்று சொல்லியிருந்தார். இங்கே வந்தபின் யாருக்கும் அது விளங்கவில்லை. சோறு தின்கிற ஊரில் கோதுமையால் என்ன வியாதி என்று டாக்டர் ஒருவரே சிரித்தாராம். சொந்தக்காரர்கள் பாவம் பார்த்துப் பிள்ளை கையில் பிஸ்கட்டைத் திணித்தார்கள்.

லாத்தா கோபக்காரர். ஊரோடு சண்டை போட்டு அலுத்தபிறகு ஒருநாள், "இதே மாதிரி புள்ள வச்சிருக்கிறவங்க ஒருத்தர்கூடவா இருக்க மாட்டாங்க? தேடும்மா" என்றார். தேடினோம். இங்கிலீஷில் கொட்டிக் கிடந்தது, எல்லாம் ரொட்டிக்குப் பதில் வேறென்ன ரொட்டி என்பது பற்றி. நம் அடுப்படிக்கு உதவுகிற மாதிரி ஒன்றும் இல்லை. அப்படித்தான் நாங்களே ஒரு மின்னஞ்சல் குழு ஆரம்பித்தோம். அவர் சொல்வார், நான் தமிழை இங்கிலீஷ் எழுத்தில் தட்டுவேன். கேழ்வரகு இடியாப்பம் எப்படி, கல்யாணப் பந்தியில் எதைத் தொடக் கூடாது, பள்ளிக்கூடத்துக்கு என்ன கட்டிக் கொடுப்பது. கோயம்புத்தூர், டெல்லி, ஷார்ஜா என்று அம்மாக்கள் வந்து சேர்ந்தார்கள். யாராவது பிள்ளைக்கு எடை கூடியது என்று எழுதினால் லாத்தா சந்தோஷத்தில் என் முதுகில் ஒரு அடி வைப்பார். நன்றாகவே வலிக்கும்.

அவர் மகள் மட்டும் தேறவில்லை. அவ்வளவு கட்டுப்பாடு இருந்தும் வயிற்றுவலி நிற்கவில்லை. வலி வந்தால் நம் வீடுகளில் என்ன செய்வோமோ அதையே அவரும் செய்தார். மோரில் பெருங்காயம் கரைத்துக் கொடுத்தார். நல்ல மருந்தாயிற்றே என்று குழுவிலும் அதை எழுதச் சொன்னார். மறுவாரம் கோயம்புத்தூர் அம்மாவின் பதில் வந்திருந்தது. பெருங்காயத்தில் கோதுமை மாவு கலந்துதான் கட்டுகிறார்கள், டப்பாவைத் திருப்பிப் பாருங்கள் என்று எழுதியிருந்தார். நான் கீழே மளிகைக் கடைக்கு ஓடி ஒன்று வாங்கி வந்தேன். பொடி எழுத்தில் போட்டிருந்தது. லாத்தா டப்பாவைக் கையில் வாங்கிக்கொண்டார். "வலிக்குதும்மான்னு அழுவும்போதெல்லாம் நாந்தானே குடுத்தேன்" என்றார். பிறகு, "மொதல்ல அதத் திருத்திப் போடு. வேற யாரும் குடுத்துடப் போறாங்க" என்றார். டப்பாவை என் மேஜையிலேயே விட்டுப் போனார்.

அதை நிறுத்தியதும் பெண் தெளிந்தாள். பசிக்குது என்று கேட்டுச் சாப்பிட்டாளாம். ஆனால் அந்த ஐப்பசி மழையில் ஊரெல்லாம் வயிற்றுப்போக்கு. மற்றப் பிள்ளைகள் எழுந்து விளையாடப் போய்விட்டன. இவள் உடம்பில் தாங்குவதற்கு எதுவும் மிச்சம் இல்லை. திருச்சிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே போய்விட்டாள்.

இனி வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். சில வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தார். டெல்லி அம்மா எழுதியிருந்தார். சப்பாத்தி வேண்டும் என்று மகள் அழுகிறாள், இப்படி வாயைக் கட்டி என்ன பலன், உங்கள் மகள் எப்படி இருக்கிறாள் என்று. நான் அதைத் தாண்டிப் போகப் பார்த்தேன். லாத்தா விடவில்லை, படிக்கச் சொன்னார்.

"நல்லா இருக்கான்னு போடு."

நான் தட்டாமல் அவரைத் திரும்பிப் பார்த்தேன்.

"மௌத்தாயிட்டான்னு எழுதுனா, அந்தம்மா மனசு விட்டுப்போயி சப்பாத்தியக் குடுத்துடும். போடும்மா."

போட்டேன். அதற்கப்புறம் யார் கேட்டாலும் அப்படியே போட்டேன். அந்தப் பெண் எடை கூடினாள், சைக்கிள் பழகினாள், நான்காம் வகுப்புக்குப் போனாள். அந்த வயதில் பிள்ளைகள் என்னென்ன செய்யும் என்று லாத்தா பக்கத்து வீட்டுப் பெண்ணைப் பார்த்து வைத்துக்கொண்டு வந்து சொல்வார்.

2007இல் சென்டரை மூடினார்கள். கடைசி வெள்ளிக்கிழமை டெல்லி அம்மாவின் செய்தியைப் படித்துக் காட்டினேன். தன் மகளுக்குச் சப்பாத்தி மறந்தே போய்விட்டது என்று எழுதியிருந்தார். "அது பொழச்சிருச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டு லாத்தா பஸ்ஸுக்குக் கிளம்பினார். முதுகில் அடி விழவில்லை. நான் டப்பாவை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

இப்போது அரிசி மாவில் கட்டிய பெருங்காயம் கடையில் கிடைக்கிறது. எங்கள் வீட்டில் யாருக்கும் அந்த நோய் கிடையாது, இருந்தாலும் அதைத்தான் வாங்குகிறேன். நேற்று என் மகளின் சட்டைக்குப் பித்தான் தைக்க மஞ்சள் டப்பாவைத் திறந்து வைத்திருந்தேன். அவள் நான்காம் வகுப்புப் படிக்கிறாள். பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் வயிறு வலிக்கிறது என்று என் மடியில் படுத்தாள். "மோர்ல கொஞ்சம் பெருங்காயத்தக் கரைச்சுக் குடேன்" என்றார் என் வீட்டுக்காரர். அரிசி மாவுப் பெருங்காயம்தான், எனக்குத் தெரியும். வெந்நீர் வைத்துக் கொடுத்தேன்.