கறாரும் தேனீ கொட்டிய பேராசிரியரும்

என் கடைசித் தங்கைக்கு ஆராய்ச்சி நிலையத்தில் ‘கறார்’ என்றுதான் பெயர். நூலகத்தில் வேலை. அரசுப் பணத்தில் நடந்த ஆராய்ச்சியாக இருந்தால், கட்டுரை இதழில் வந்து ஓராண்டுக்குள் பொதுமக்கள் காசில்லாமல் படிக்கும்படி இணையத்தில் ஏற்றியாக வேண்டும். இதழ் அச்சிட்ட பிரதி கூடாது, அதன் உரிமை இதழுக்கு. எழுதியவர் கடைசியாகத் திருத்திக் கொடுத்த சொந்தப் பிரதிதான் வேண்டும். கேட்டால் விஞ்ஞானிகள் காதில் போட்டுக்கொள்வதில்லை. இவளும் விடுவதில்லை. கழிப்பறை வாசலில் நின்றுகூடக் கேட்டிருக்கிறாள்.

அன்று மாலையோடு தேனீக்களை ஆராயும் பேராசிரியருக்குக் கெடு முடிகிறது. தவறினால் அடுத்த ஆண்டு நிதி நின்றுவிடும். தேனீப் பெட்டிகளைப் பார்த்துக்கொள்ளும் இரண்டு பெண்களுக்கும் வேலை போய்விடும். அவரோ முகமெல்லாம் கொட்டு வாங்கி வீட்டில் படுத்திருந்தார்.

“அக்கா, நீ நர்ஸா இருந்தவதானே? கிளம்பு!” என்று என்னை இழுத்துக்கொண்டு போனாள்.

மூச்சும் நாடியும் பார்த்தேன். டாக்டர் ஊசி போட்டிருந்தார், பயமில்லை. முகம் மட்டும் பூசணிக்காய்.

“சார், அந்தப் பிரதி எங்க?”

“லேப்டாப்ல. அது என் மூஞ்சியப் பாத்தாதாம்மா தொறக்கும்.”

“பாஸ்வேர்டு?”

“யாருக்கு ஞாபகம் இருக்கு?”

லேப்டாப்பை அவர் முன்னால் வைத்தோம். ஆளைத் தெரியவில்லை என்றது.

“எனக்கே தெரியல, அது பாவம் என்ன பண்ணும்?” என்றார் அவர் மனைவி.

கறாருக்குச் சிரிப்பு பிய்த்துக்கொண்டது. நான் தலையணைகளை அடுக்கி அவரை நிமிர்த்தி உட்காரவைத்து, பனிக்கட்டியைத் துணியில் சுற்றி விட்டு விட்டு ஒத்தினேன். வீக்கம் வடிந்து மெல்ல மெல்லக் கண் வெளியே தெரிந்தது. இவள் அடிக்கடி லேப்டாப்பைத் தூக்கிக் காட்டினாள்.

“சார், பழைய மாதிரி பாருங்க.”

“எப்படி?”

“நான் பேப்பர் கேட்டா மொறைப்பீங்களே, அப்படி!”

முறைத்தார். திறந்துகொண்டது! நாங்கள் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு ஜன்னலும் திறந்தது.

பிரதியை ஏற்றி, ஏற்றுக்கொண்டதாகச் செய்தியும் வந்ததும், கறார் அந்தப் பெண்களுக்குப் போன் போட்டாள். “வேல இருக்குடி! அழாம போய்ப் பெட்டியப் பாருங்க.”

அதற்குள் மனைவி தன் போனில் கட்டுரையைத் திறந்திருந்தார். “இத்தன நாளா இதழெல்லாம் காசு கேட்டுச்சுன்னு நான் ஒண்ணும் படிச்சதில்ல.” விரல் கீழே கீழே போய் நன்றியுரையில் நின்றது. “ஏங்க, டிரைவருக்குக்கூட நன்றி சொல்லியிருக்கீங்க. உங்க தேனீக்கு இந்த வீட்டு அடுப்புல சர்க்கரைப் பாகு காச்சிக் கொடுத்தவ பேரு எங்க?”

பேராசிரியர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். கறார் பையைத் தோளில் மாட்டினாள்.

“வாக்கா, இனி இது நம்ம கேஸ் இல்ல.”

படியிறங்கும்வரைகூட இருவராலும் சிரிப்பை அடக்க முடியவில்லை.