மாஸ்டரின் புது பிளேடு

பிளேடைக் காகிதத்தோடு சேர்த்து இரண்டாக ஒடித்து, ஒரு பாதியைக் கத்தியில் செருகுகிறார் மாஸ்டர். நாற்காலியைத் தெருப்பக்கம் திருப்பித் தானே அதில் உட்கார்ந்து, தன் முகத்தைத் தானே சவரம் செய்துகொள்கிறார். கண்ணாடி முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. அவருக்கு அது தேவையும் இல்லை. எதிரே பஸ்ஸுக்கு நிற்பவர்கள் பார்த்தால் போதும். "நல்லா பாத்துக்கோங்கய்யா. அடிபட்டது தலையில, கையில இல்ல" என்கிறார் நுரைக்குள்ளிருந்து.

முகம் துடைத்ததும் மறுபாதி பிளேடைச் செருகி வைக்கிறார். அது வரப்போகிற வாடிக்கையாளருக்கு. சாயங்காலம் அது அப்படியே டப்பாவுக்குப் போகும்.

பதினோரு மாதத்துக்கு முன்னால் ஒரு மோட்டார் சைக்கிள் அவரைத் தூக்கி நடைபாதை விளிம்பில் போட்டது. மண்டையைத் திறந்து மூடினார்கள். பன்னிரண்டு நாள் கண் விழிக்கவில்லை. பழத்தோடு பார்க்க வந்தவர்கள் "தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு" என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்கள். இவருக்குத் தலைக்கு வந்தது தலையிலேயே தங்கிவிட்டது. வலது காதுக்கு மேல் நான்கு விரல் நீளத்துக்கு முடி முளைக்காத தழும்பு. ரேடியோவும் முடி உலர்த்தும் மிஷினும் சேர்ந்து ஓடினால் காதைப் பொத்திக்கொள்கிறார். சீப்பைக் கையில் வைத்துக்கொண்டே, "அது எங்க, அந்த... வாருறது?" என்று தேடுகிறார்.

வேலைக்குத் திரும்பிய முதல் வாரம் ஒரு வங்கிக் குமாஸ்தாவின் இடது கிருதாவைக் குறைத்தார். குறைத்ததை மறந்து இன்னொரு தடவையும் குறைத்தார். நடந்தது அவ்வளவுதான். கண், காது, மூக்கு வைத்துப் பேசுகிற தெருவில் அது தெருமுனையைத் தொடுவதற்குள் குமாஸ்தாவுக்குக் காதே போயிருந்தது. அன்றிலிருந்து மாஸ்டர் ஒரு வழி வைத்திருக்கிறார். ஒரு பக்கம் முடிந்ததும் அந்தப் பக்கத்துத் துண்டில் ஒரு துணிக்கிளிப் மாட்டிவிடுவார். கிளிப் இருக்கிற பக்கம் கத்தி போகாது. இவ்வளவு கவனமான ஆள் இந்த வட்டாரத்தில் வேறு யாரும் இல்லை. ஆனால் கிளிப்பை மாட்ட ஒரு முகம் வேண்டுமே!

"தாடி வளக்கலாம்னு இருக்கேன் மாஸ்டர்" என்பார் ஒருவர். மறுநாள் மழுமழுவென்று அதே வாசலைக் கடந்து போவார். இருபது வருடம் இவர் கத்திக்குக் கீழே தூங்கிய கழுத்துகள் இவை.

கடை இப்போது மனைவியின் தம்பி கையில் இருக்கிறது. "கத்தி வேணாம் மாமா. துண்டு மடிங்க, பெருக்குங்க. உடம்பப் பாத்துக்கோங்க." வெளியே கேட்டால், "மாமா கை முன்ன மாதிரியேதாங்க" என்று சத்தியம் செய்கிற அதே வாய்தான்.

போன வாரம் மாஸ்டர் அவனைக் கெஞ்சினார். அவர் கெஞ்சி யாரும் பார்த்ததில்லை. "ஒருத்தர் உக்காந்தா போதும் மாப்ள. அதப் பாத்து நாலு பேர் வருவாங்க."

"அதுக்கென்ன மாமா, சனிக்கிழமை கூட்டம் இருக்கும்ல. நானே உங்க சேர்ல உக்கார்றேன்."

மறந்துவிடக் கூடாது என்று மாஸ்டர் கண்ணாடி ஓரத்தில் சோப்பால் எழுதி வைத்தார்: சனிக்கிழமை, மாப்பிள்ளை.

சனிக்கிழமை பெஞ்சில் ஐந்து பேர் இருந்தார்கள். மைத்துனன் வந்தான். முகம் பளபளவென்று இருந்தது.

"சீக்கிரம் முழிப்பு வந்துருச்சு மாமா. வீட்டுலயே பண்ணிக்கிட்டேன். அடுத்த வாரம் கண்டிப்பா."

மாஸ்டர் அவன் தாடைக்கடியில் இரண்டு விரல் வைத்து, முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினார். காதுக்குக் கீழே கத்தி போன கோணத்தைப் பார்த்தார். தனக்குத் தானே செய்கிறவன் கை அப்படி வராது. வேறு கடை.

"வீட்டுலயா?" என்றார். "ரெண்டு முடிய விட்டுட்டான். உக்காரு."

ஐந்து பேர் பார்க்க, மைத்துனனால் முடியாது என்று சொல்ல முடியவில்லை. உட்கார்ந்தான். கைப்பிடியை இறுகப் பற்றி, கண்ணை மூடிக்கொண்டான். கத்தி ஒரே இழுப்பில் போய்த் திரும்பியது. ஒரு சொட்டு ரத்தம் இல்லை. மாஸ்டர் அந்தப் பக்கத்துத் துண்டில் கிளிப்பை மாட்டினார்.

"அடுத்து யாரு?"

பெஞ்சில் ஒரே செய்தித்தாள்தான் இருந்தது. ஐந்து பேரும் அதைப் படித்துக்கொண்டிருந்தார்கள்.

மாஸ்டர் பிளேடைக் கழற்றி டப்பாவில் போட்டுவிட்டு, துடைப்பத்தை எடுத்தார்.